ஏழாவது வளைவில் நாற்பது நிமிடம்

ஐஸ்குறுண்ட் பாதையின் இரும்புத் தடுப்பைத் தாண்டிச் சைக்கிளை உள்ளே தள்ளும்போதே கார்த்திகனுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு. அன்று விடியத்தான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியிருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் சோர்ந்து போயிருந்தது.

ஜெர்மனியின் வூப்பெற்றால் பெரிய நகரம். பஸ்ஸும் தொங்கு ரயிலும் ஓயாமல் ஓடும் நகரம். அதன் நடுவில் இப்படியொரு ஆழமான கிடங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த இடம். இரண்டு பக்கமும் ஐந்து மாடி உயரத்துக்குப் பாறை நிற்க, நடுவே நான்கு கிலோமீற்றர் ஏற்றம், ஒன்பது வளைவு. கார் போக அனுமதி இல்லை. அழகான பாதை என்று சைக்கிள்காரர்கள் தூர இடங்களிலிருந்தும் வருவார்கள். அண்ணாந்து பார்த்தால் பாறை விளிம்பில் அடுக்குமாடி வீடுகளின் பல்கனிகள் தெரியும். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், சமைக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். ஒரு சத்தமும் கீழே இறங்காது. கீழே ஈரக் கல்லின் மணமும் அழுகிய இலை மணமும் மட்டும்தான்.

இந்த ஏற்றத்தைப் பதினாலு நிமிடத்தில் முடிக்கிறவன் கார்த்திகன். போன வசந்த காலம் வரைக்கும் அப்படித்தான். ஓகஸ்ட்டில் திரும்ப வரத் தொடங்கியதிலிருந்து ஒரு ஞாயிறுகூட இருபது நிமிடத்துக்குள் மேலே போனதில்லை. நாலாவது வளைவு கழிந்ததும் வேகம் இறங்கும். எவ்வளவு மிதித்தாலும் மணிக்குப் பதினொரு கிலோமீற்றர். பத்துமில்லை, பன்னிரண்டுமில்லை. வேறு எந்த ரோட்டிலும் இந்தக் கோதாரி இல்லை.

சைக்கிள் கடையில் வேலை செய்யும் யோசப்பின் என்ற பெண் அவனுடைய வண்டியை மூன்று தரம் கழற்றிப் பூட்டிவிட்டாள். "அண்ணை, சைக்கிளில ஒண்டுமில்லை. வேணுமெண்டால் ஓடுற ஆளை மாத்திப் பார்க்கலாம்" என்று கடைசியில் சிரித்தாள். ஆறு கிழமை காத்திருந்து ஒரு இதய வைத்தியரிடம் நேரம் எடுத்தான். அவர் இதயத் துடிப்புக் கடதாசியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இருபது வயதுப் பெடியனின் நெஞ்சு என்றார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொல்லச் சொல்ல அவனுக்குத் தலை வெடித்தது.

"வேற ரோட்டில ஓடுங்கோவன்" என்றாள் மனைவி ஆரணி, அன்று மத்தியானம்.

"ஒரு ரோட்டுக்குத் தோத்துப்போய் வீட்டில இருக்கச் சொல்லுறீரோ?"

"ரோட்டுக்கோ?" என்று கேட்டுவிட்டு அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் என்ன நினைத்துக் கேட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பாலா அண்ணை.

பாலச்சந்திரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. சீனி வருத்தம் கூடிப்போய், ஓடியாடச் சொல்லி டாக்டர் நெருக்கியதால் ஒரு பழைய சைக்கிளை வாங்கிக்கொண்டு கார்த்திகனின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் சேர்ந்தவர். கடைசி ஆளைத் தனிய விடுவதில்லை என்பது கூட்டத்தின் சட்டம். சட்டம் போட்டவன் கார்த்திகன். கடைசி ஆள் எப்போதும் பாலா அண்ணை. முழங்காலுக்கு நோவெண்ணெய் பூசிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, எந்த ஏற்றத்திலும் ஒரே வேகத்தில் வருவார். ஒவ்வொரு வளைவிலும் அவருக்காகக் காலை ஊன்றி நின்று நின்று கார்த்திகன் அலுத்துப் போயிருந்தான்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு மற்றவர்கள் வரவில்லை. இவர்கள் இரண்டு பேர்தான். ஏழாவது வளைவில் பாலா அண்ணை இறங்கிப் பாறையில் சாய்ந்தார். நெஞ்சு கொஞ்சம் எரிகிறது என்றார். "நீர் போம் தம்பி, நான் வாறன்."

"எப்ப பார்த்தாலும் இதுதான். கெதியா வாங்கோ அண்ணை!" என்று கத்திவிட்டுக் கார்த்திகன் போய்விட்டான். மேலே கோப்பிக் கடையில் இருந்து, ஒரு கோப்பி குடித்து, இரண்டாவதும் குடித்து, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம். பிறகு அம்புலன்ஸ் சத்தம் கேட்டது. நாயோடு நடக்க வந்த யாரோ அவரைக் கண்டிருந்தார்கள். அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

இதையெல்லாம் நினைக்க அவன் இங்கே வரவில்லை. வேகமானியைப் பூச்சியமாக்கிவிட்டு மிதிக்கத் தொடங்கினான்.

முதல் மூன்று வளைவும் நன்றாகவே போயின. இருபத்து நாலு. இருபத்து மூன்று. காலில் சூடு ஏறியது. இன்றைக்குச் சரிவரும் என்று நினைத்தான்.

நாலாவது வளைவு.

பத்தொன்பது. பதினைந்து. பதிமூன்று.

பதினொன்று.

மிதி பாரமாகவில்லை, அதுதான் கொடுமை. கால்கள் விசையாகச் சுற்றின, சங்கிலி கிறுகிறுவென்று ஓடியது, சில்லு சுழன்றது. பக்கத்துப் பாறை மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்று மிதித்தான். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. பதினொன்று.

"என்ன சனியனடா இது!"

கைபிடியில் ஓங்கிக் குத்தினான். சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அது ஓய்ந்த பிறகும் ஏதோ ஒன்று ஓயாமல் இருந்தது.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

வாயால் விடும் மூச்சு. உள்ளே போகும்போது ஒரு சின்ன விசில்.

திரும்பிப் பார்த்தான். வெறும் ரோட்டு. அதன்மேல் மஞ்சள் இலைகள். ஒரு இலைகூட அசையவில்லை.

இன்னும் மிதித்தான். ஐந்தாவது வளைவு. மூச்சு கூடவே வந்தது, கிட்டவும் வராமல், விலகியும் போகாமல். ஆறாவது வளைவில் நோவெண்ணெய் மணந்தது. குளிரில் பிடித்துப்போன முழங்காலில் சூடுபறக்கத் தேய்த்த மணம். அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை. ஐந்து வருடமாக வந்து பழகிய அதே அலுப்பு. செத்தும் இந்த மனுசன் விடுகிறாரில்லையே என்ற அலுப்பு. அது அவன் வாயிலிருந்து தானாகவே வெளியில் வந்தது.

"கெதியா வாங்கோவன் அண்ணை!"

மூச்சு நின்றது.

ஏழாவது வளைவில் சைக்கிளும் நின்றது. அவன் பிரேக் பிடிக்கவில்லை.

பாறையின் உள்மடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சொட்டும் கேட்கவில்லை.

"தம்பி."

காதுக்குப் பக்கத்தில். சோர்ந்த, மரியாதையான குரல்.

"என்னை மடியில வைச்சிருந்தனீர் எண்டு சொன்னீராம்."

அதை அவன் உலகத்தில் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தான், பாலா அண்ணையின் மனைவி புஸ்பவதியிடம். செத்த வீட்டில் அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் பக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டபோது, மடியில் வைத்திருந்தேன் என்றான். ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். உங்கள் பெயரைச் சொன்னார் என்றான். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"இப்ப வையுமன்" என்றது குரல்.

அவன் சைக்கிளை விட்டு இறங்கினான். முதுகு பாறையில் உரச, ஈர இலைகளின் மேல் கால் நீட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் மடியில் பாரம் இறங்கியது.

ஒரு தலையின் பாரம்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் தொடையின் தசை அமிழ்ந்து கிடந்தது. வியர்வையில் நனைந்து பிறகு ஆறிப்போன தலைமயிரின் குளிர் துணியைத் தாண்டி உள்ளே இறங்கியது. எழும்பப் பார்த்தான், ஏலவில்லை. போனை எடுத்தான். அந்தக் கிடங்கில் எப்போதும் சிக்னல் இல்லை. காலை உதறினான், கெஞ்சினான், தூஷணத்தால் ஏசினான். பாரம் அசையவில்லை. கொஞ்சத்துக்கொருதரம் ஒரு நடுக்கம் மட்டும் அதில் ஓடியது. ஒவ்வொரு தரமும் அதற்கு முந்தியதைவிட மெல்லிய நடுக்கம்.

கீழிருந்து காலடிச் சத்தம் வந்தது. மழைச்சட்டை போட்ட ஒரு ஜெர்மன் கிழவி, கயிற்றில் ஒரு கறுப்பு நாய். நாய் பத்து மீற்றருக்கு அப்பாலேயே நின்று வாலைக் கால்களுக்குள் செருகிக்கொண்டது. கிழவி கார்த்திகனைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்தி அவன் மடியைப் பார்த்தாள்.

"அவருக்கு டாக்டர் வேணுமா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

அவன் குனிந்து தன் வெறும் மடியைப் பார்த்தான்.

"முகம் நீலமாகிப் போயிருக்கிறதே" என்றாள் அவள். "தலையை உயர்த்திப் பிடியுங்கள். மேலே போனால்தான் போன் வேலை செய்யும். நான் போய்க் கூப்பிடுகிறேன். அவரை விட்டுப் போய்விடாதீர்கள்."

நாயை இழுத்துக்கொண்டு அவள் வளைவில் மறைந்தாள். அவன் கையை மடிக்கு மேலே கொண்டுபோனான். வெறும் காற்று இருக்கவேண்டிய இடத்தில் விரலில் ஒரு காது தட்டுப்பட்டது.

அதன் பிறகு அவன் ஏசவில்லை. தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தான். அழுதான் என்றும் சொல்லவேண்டும்.

பாரம் போனபோது மணிக்கூட்டைப் பார்த்தான். சரியாக நாற்பது நிமிடம் கழிந்திருந்தது. தூரத்தில் அம்புலன்ஸ் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. வந்தால் என்ன சொல்வது? அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழ்நோக்கி ஓடினான்.

வீட்டுக்குப் போகவில்லை. புஸ்பவதி இருந்தது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில். லிஃப்ட் இல்லை. சேறு அப்பிய உடுப்போடு அவன் வாசலில் நிற்கக் கண்டதும் அவள் பதறிப்போனாள்.

"என்ன தம்பி, விழுந்திட்டியளோ? உள்ள வாங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம் அக்கா. இருங்கோ. ஒண்டு சொல்லவேணும்."

சொன்னான். விட்டுப் போனதை, கோப்பி குடித்ததை, நாற்பது நிமிடத்தை. இன்று நடந்ததைச் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை. அவள் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப மடியில வைச்சிருக்கேல்லை."

"இல்லை அக்கா."

"என்ர பேரைச் சொன்னவர் எண்டது?"

"அதுவும் பொய், அக்கா."

"ஐஞ்சு மாசம் தம்பி." அவளுடைய குரல் உயரவில்லை. "ஐஞ்சு மாசமா அதைத்தான் பிடிச்சுக்கொண்டு படுத்தெழும்பினனான். இப்ப வந்து அதையும் பறிக்கிறியள். எனக்காகவோ வந்தனீங்கள்? உங்கட பாரத்தை இறக்க வந்தனீங்கள்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"போங்கோ."

படிகளில் இறங்கும்போது அவமானமாக இருந்தது. ஆனால் தெருவுக்கு வந்து சைக்கிளில் ஏறியதும், அதைச் சொல்லவே கூச்சமாக இருந்தாலும், உடம்பு லேசாகிவிட்டது. பின்னால் எதுவும் இல்லை. மணமில்லை, மூச்சில்லை. ஆற்றங்கரை ரோட்டில் இருபத்தெட்டில் பறந்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. விட்டுவிட்டார், போய்விட்டார் என்று நினைத்தான்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், அவனுடைய வீட்டுத் தெரு முனையில், போன் அடித்தது. புஸ்பவதி.

"தம்பி, திரும்பி வாறியளோ?" கிசுகிசுத்தாள்.

"இல்லை அக்கா. நான் வீட்டடியில நிக்கிறன். ஏன்?"

"படியில ஆரோ ஏறுகினம். நீங்கள் போன கையோட தொடங்கினது. ரெண்டு படி ஏறுறது, நிக்கிறது. ரெண்டு படி ஏறுறது, நிக்கிறது. அரை மணித்தியாலமா இப்பத்தான் மூண்டாம் மாடி."

கார்த்திகன் சைக்கிளை மதிலில் சாய்த்தான்.

"அக்கா, கதவைப் பூட்டுங்கோ. நான் வாறன். பூட்டிப்போட்டு உள்ள இருங்கோ."

போனுக்குள் அவனுக்கும் கேட்டது. கடைசிப் படிகள். ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

பிறகு கதவைத் தட்டும் சத்தம். அவசரமில்லாத மூன்று தட்டு.

"திறக்காதேங்கோ அக்கா! தயவுசெய்து திறக்காதேங்கோ!"

"ஏன் திறக்காமல் விடுறது?" என்றாள் அவள். இப்போது அவள் கிசுகிசுக்கவில்லை. "அந்த மனுசனை ஒருத்தரும் பார்த்துக்கொண்டு நிக்கேல்லை எண்டு இப்பதானே சொல்லிப்போட்டுப் போறியள்."

பூட்டுக்குள் திறப்பு இரண்டு தரம் சுழன்றது. கதவு திறந்தது.

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். அவள் வீல் என்று கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தவில்லை. பிறகு, ஒரு பெண் தன் வீட்டு ஆளோடு பேசும் சாதாரணக் குரலில், மெல்லிய கோபத்தோடு, அவள் சொன்னது கேட்டது:

"எவ்வளவு நேரம்! சரி, முதல்ல இருங்கோ."

மேசையடியில் ஒரு கதிரை இழுபட்டது. பாரமான ஏதோ ஒன்று அதில் மெல்ல உட்கார, மரம் முனகியது.