ஒன்பது மணி ரிங்

மகன் டாக்ஸியை விட்டு இறங்கவே இல்லை. தையல் மெஷினை டிரைவரும் டெய்லருமாகத்தான் மூச்சு வாங்க வாங்க மாடிக்கு ஏற்றினார்கள். பழைய கட்டிடம். கீழே பெயின்ட் டப்பாக்கள் அடுக்கிய கோடவுன். அதன் ஷட்டரை எப்போதாவதுதான் திறப்பார்களாம். மேலே இருந்தது ஒரே ஒரு அறை. அதற்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டிடத்தின் ஈரச் சுவரைப் பார்த்தபடி. பட்டப்பகலிலும் விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும்.

கீழே இறங்கி வந்தவரிடம் மகன் கார் கண்ணாடியை இறக்கினான்.

"குழந்தை இருக்கிற வீடுப்பா. அவ பயப்படறா. நான் என்ன பண்றது, சொல்லுங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம். நீ கிளம்பு, நேரமாகுது," என்றார் டெய்லர்.

அலமாரியைத் துடைக்கும்போது மருமகள் கையில் மாத்திரை டப்பா சிக்கியதில் ஆரம்பித்த வினை இது. அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பேத்தி தாத்தா மடியில் ஏறப் போனால் உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வரும். எச்.ஐ.வி. தொட்டால் ஒட்டாது, மடியில் உட்கார்ந்தால் ஒட்டாது, நான் இத்தனை வருஷமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை போடுகிறேன் என்று மனிதர் படித்துப் படித்துச் சொன்னார். யார் காதில் ஏறியது! பெற்ற பிள்ளையே முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு ஊரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது?

அறுபத்தெட்டு வயதில் தனிக்கட்டை. முதல் வாரம் முழுக்க அவர் வாயைத் திறந்து பேசியது பால்காரனிடம் மட்டும்தான்.

ஆஸ்பத்திரியில்தான் அந்தப் போன் குழுவில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். அவரைப் போலவே வயதான நோயாளிகள், தனியாகக் கிடப்பவர்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மனநல ஆலோசகர் மேடம் ஒவ்வொருவராகப் போன் போட்டு எல்லாரையும் ஒரே லைனில் கோப்பார். யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது, வீடு எங்கே என்று கேட்கக் கூடாது, நேரில் சந்திக்கக் கூடாது. எப்படி வந்தது, யாரால் வந்தது என்ற பேச்சே அங்கே கிடையாது. டெய்லர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, தைத்துக்கொண்டே பேசுவார். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவருக்கு ஆள் முகம் பார்த்த மாதிரி இருக்கும்.

மேடம் இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி. காலை ஒன்பது மணிக்கு மாத்திரையைப் போட்டதும் ஜோடியின் நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்ய வேண்டும். பேச வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். ரிங் வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறார், மாத்திரையும் போட்டுவிட்டார். வராவிட்டால் மேடத்துக்குச் சொல்ல வேண்டும். உடனே கதவைத் தட்ட ஆள் போய்விடும்.

டெய்லருக்கு ஜோடியாக வாய்த்தது லாரி. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன். குரலே ஹாரன் அடித்த மாதிரி இருக்கும்.

"டெய்லரு, எனக்கொரு சட்டை தைச்சு வையி. அளவெடுக்க நேர்ல வரக்கூடாதாம், மேடம் ரூலு. நீ உன் இஷ்டத்துக்குத் தை. நான் அதுக்கேத்த மாதிரி உடம்பை ஏத்திக்கறேன்!"

எல்லாரும் சிரிப்பார்கள். டெய்லருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதை அவர் துடைத்துக்கொள்வதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மழைக்காலம் தொடங்கிய பிறகுதான் லாரியின் பேச்சு சுருங்கியது.

"லாரி, எப்படி இருக்கீங்க?" என்று மேடம் கேட்டால், "இருக்கேன் மேடம். நல்லாயிருக்கேன்," என்று ஒரே பதில். ஒரு கிண்டல் இல்லை, கேலி இல்லை. அடுத்த வாரமும் அதே வார்த்தைகள்தான். முன்பெல்லாம் அவர் பேசினால் பின்னால் டி.வி. அலறும், யாராவது கதவைச் சாத்துவார்கள். இப்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை. மண்ணுக்குள் இருந்து பேசுகிற மாதிரி இருந்தது.

ஆனால் காலையில் ரிங் மட்டும் தவறவில்லை. அதனால் டெய்லரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் மத்தியானம் மேடத்திடமிருந்து போன் வந்தது. அழுதிருக்கிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

"டெய்லர் சார், லாரி இறந்துட்டார்."

"என்ன மேடம் சொல்றீங்க? காலையில ரிங் வந்துச்சே!"

"வாடை தாங்கலைன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சிருக்காங்க. ரெண்டு வாரத்துக்கு மேலயே ஆகியிருக்கும்னு டாக்டர் சொல்றார்."



"போன வியாழக்கிழமை நம்மகூடப் பேசினாரே மேடம்..."

அன்றைக்கு டெய்லர் மெஷினைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை டெய்லர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பழக்க தோஷத்தில் கை போனுக்குப் போயிற்று. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

ஒன்பது மணி.

போன் அடித்தது.

லாரியின் நம்பர்தான்.

ஒரு ரிங்கோடு நிற்கும் என்று பார்த்தார். நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. மூடிய அறைக்குள் எங்கிருந்தோ டீசல் வாடை வந்தது. போனை எடுத்துப் பட்டனை அழுத்தினார்.

"டெய்லரு," என்றது குரல். ஹாரன் குரல் இல்லை. காதோடு காதாகக் கிசுகிசுப்பு.

"லாரி... நீ... நீ போயிட்டதா சொன்னாங்களேப்பா."

"விழுந்து கிடந்தேன் டெய்லரு. உசிரு இருந்துச்சு. கதவைத் தட்ட ஆள் வரும்னு பார்த்துக்கிட்டே கிடந்தேன். யாரும் வரலை."

"ரிங் வந்துச்சேப்பா! தினமும் வந்துச்சு! வரலைன்னா நான் சொல்லியிருப்பேனே!"

"நான் குடுக்கலை. உனக்கு முன்னால எனக்கு ஜோடியா இருந்து செத்தவன் குடுத்தான். கிடந்தபடியே பார்த்துக்கிட்டிருந்தேன்."



"எதுக்குய்யா? அவனுக்கு நீ என்ன துரோகம் பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலை. அங்க தனியா இருக்க முடியலை டெய்லரு. எல்லாருக்கும் ஒரு ஜோடி வேணும். நீ கவலைப்படாதே. உனக்கு நான் குடுக்கறேன்."

லைன் கட்டாயிற்று.

டெய்லர் அடித்துப் பிடித்து மேடத்துக்குப் போன் செய்தார். நடந்ததை எல்லாம் கொட்டினார். மேடம் பொறுமையாகக் கேட்டார். "துக்கத்துல இப்படியெல்லாம் கேக்கிற மாதிரி தோணும் சார். உங்களைப் பைத்தியம்னு நான் சொல்லலை. இனிமே நானே உங்களுக்கு ஜோடி. எனக்கு ரிங் குடுங்க," என்றார்.

"ரிங்கை நம்பாதீங்கம்மா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், வியாழக்கிழமை நான் பேசினாலும் நம்பாதீங்க. 'என்ன தைச்சுக்கிட்டிருக்கீங்க'ன்னு கேளுங்க. சரியாச் சொல்லலைன்னா உடனே ஆளை அனுப்புங்க."

"சரி சார். கண்டிப்பாக் கேக்கறேன்."

லாரியின் நம்பரிலிருந்து அப்புறம் போன் வரவில்லை. டீசல் வாடை மட்டும் சில காலைகளில் படிக்கட்டில் நின்றது. மனிதர் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தார், வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று. வெந்நீர் வைத்துக் குடித்தார். லேசாகத் தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாக வேண்டும் என்று நினைத்த நாட்கள் அவருக்கு உண்டு. இப்போது அப்படி இல்லை, உயிர்மேல் அப்படியொரு ஆசை வந்திருந்தது.

அதற்கேற்றாற்போல் மகனும் போன் செய்தான்.

"டாக்டர்கிட்ட நாங்க ரெண்டு பேரும் போய்க் கேட்டோம்பா. அவ ரொம்ப அழுதா. ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?"

"வாயேன்டா! இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார் டெய்லர். போனை வைத்ததும் குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். அன்றைக்கே மஞ்சள் துணி வாங்கி வந்து பேத்திக்குக் கவுன் வெட்டினார். அளவு தெரியாது, குழந்தை வளர்ந்திருக்கும் என்று கொஞ்சம் தாராளமாகவே பிடித்தார்.

புதன்கிழமை காலை. ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டம்ளர். வலது கால் அவருடையதே இல்லை என்பதுபோல் மடங்கியது. டம்ளர் உருண்டு போயிற்று. மெஷினின் மிதியருகே விழுந்தவருக்கு வலப்பக்கம் முழுக்க மரத்துப்போயிருந்தது. கத்தப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. தொண்டையிலிருந்து வெறும் காற்று வந்தது.

போன் மேஜைமேல். எட்டாது.

பரவாயில்லை, பரவாயில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒன்பது மணிக்கு ரிங் போகாது. மேடம் பதறுவார். ஆள் வரும். கதவை உடைக்கட்டும். ஞாயித்துக்கிழமைக்குள் எழுந்து உட்கார்ந்துவிடலாம்.

டீசல் வாடை.

மேஜைமேல் போன் தானாக வெளிச்சம் போட்டது.

ஸ்பீக்கரில் மணி போகும் சத்தம். ஒரே ஒரு தடவை.

கட்.

'வேண்டாம்யா. லாரி, வேண்டாம்யா. என் பேத்தி வருது.' வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இடது கையால் தரையைப் பிறாண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். சாயங்காலத்துக்குள் மேஜைக்கால் வரை வந்துவிட்டார். அதை ஆட்டக்கூட அவர் கையில் தெம்பில்லை.

இருட்டுகிற நேரத்தில் மகனின் போன் வந்தது. அடித்து முடிவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்துடறோம்."

"இந்த வாரம் வேணாம்பா," என்றது மேஜைமேலிருந்து ஒரு குரல். "சளி பிடிச்சிருக்கு. குழந்தைக்கு ஒட்டிக்கும். நானே சொல்றேன், அப்புறம் வாங்க."

அது டெய்லரின் குரல். அவரேதான். இருமல் வரும்போது அவர் இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது.

"சரிப்பா. உடம்பைப் பார்த்துக்கங்க," என்றான் மகன்.

கீழே கிடந்தவர் கண்ணீர் காதுக்குள் வழிய வழியத் தலையை ஆட்டினார். போன் வெளிச்சம் அணைந்தது.

மறுநாள் காலையிலும் ரிங் போயிற்று. சாயங்காலம் குழு கூடியது. மேடம் ஒவ்வொருவராகக் கூப்பிடும் சத்தம் அந்த இருட்டறையில் கணீரென்று கேட்டது. பழகிய குரல்கள். ஒருவர் முட்டி வலி என்றார், ஒருவர் தூக்கம் இல்லை என்றார். இத்தனை பேர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஒருத்தருக்குக்கூடத் தெரியவில்லையே என்று டெய்லருக்கு நெஞ்சு வெடித்தது.

"டெய்லர் சார், இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். நல்லாயிருக்கேன்."

மேடம் தயங்கினார். சொன்ன சொல்லை மறக்காத பெண்.

"என்ன சார் தைச்சுக்கிட்டிருக்கீங்க?"

டெய்லர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சொல்லாதே, உனக்குத் தெரியாது, உனக்கு எப்படித் தெரியும்!

மேஜை விளிம்பில் தொங்கிய மஞ்சள் துணி மெல்ல மேலே இழுபட்டது. யாரோ அதைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல்.

"பேத்திக்கு மஞ்சள்ல ஒரு கவுன் மேடம். கை வைக்கிறது மட்டும்தான் பாக்கி."

"அப்பாடா! நீங்க சொன்னதுலேர்ந்து எனக்கும் உள்ளுக்குள்ள பயமாவே இருந்துச்சு சார்," என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "இன்னிக்குப் புதுசா ஒரு அக்கா சேர்ந்திருக்காங்க. தனியா இருக்காங்க, ரொம்ப மனசு உடைஞ்சிருக்காங்க. டெய்லர் சார், நீங்க அவங்களுக்கு ஜோடியா இருக்கீங்களா?"

"வணக்கம் அண்ணே," என்றது கூச்சமான ஒரு பெண் குரல். அழுது ஓய்ந்த குரல்.

டெய்லர் இடது கையால் தரையை ஓங்கி அடித்தார். தன் காதுக்கே கேட்காத அளவுக்குத்தான் அந்த அடி இருந்தது.

"வணக்கம்மா," என்றது மேஜைமேலிருந்து அவர் குரல், அத்தனை அன்பாக. "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. காலையில ஒன்பது மணிக்கு ரிங் குடுக்கறேன்."