கடைசி வரிசையின் காந்தாரம்

பிள்ளைகள் பாடி முடித்த பிறகும் ஒரு குரல் மிச்சமிருந்தது.

சித்ரலேகா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இசைக்கென்றே அரசு தொடங்கிய நடுநிலைப் பள்ளி அது. திருநெல்வேலி முழுவதிலுமிருந்து தேர்வு வைத்து எடுத்த பிள்ளைகள், காலையில் கணக்கும் அறிவியலும் படித்துவிட்டு மாலையில் பாட்டும் மிருதங்கமும் கற்றார்கள். பாட்டு டீச்சரான அவள் ஒரு வரி பாடினால் வகுப்பு அதைத் திருப்பிப் பாட வேண்டும். அன்றும் அப்படித்தான் பாடி நிறுத்தினார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால், சுவர்ப்பக்கமிருந்து மட்டும், இருட்டில் தடவித் தடவி வருகிறவரைப் போல ஒரு குரல் அந்த வரியைத் தனியாக நடந்து முடித்தது.

"யாருலே அங்கன இழுக்கது?"

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு வகுப்பு நடந்த கூடம், ஆற்றை ஒட்டி நெல் மூட்டைகளைச் சேமித்து வைத்திருந்த பழைய கிட்டங்கி. சன்னல்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தன. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து உமியும் வௌவால் எச்சமும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு வாடை தரையிலிருந்து எழுந்து புடவையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தது. உமி குழைத்துப் பூசிய கனத்த சுவர்களில் எதிரொலியே வராது என்றுதான் பாட்டு வகுப்புக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள்.

மிருதங்க வாத்தியார் நடராஜிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"சுவரும் கத்துக்கிட்டுப் போட்டும் டீச்சர். அதுக்கு சீட்டு கேட்டு யாரும் வர மாட்டாவ."

அது அவளுக்கான குத்து. அவளுடைய மகள் குழலி, முழுப்பெயர் குழல்வாய்மொழி, ஏழாம் வகுப்பில் இருந்தாள். தேர்வில் முதலாவதாக வந்தவள்தான். ஆனாலும் பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள் சித்ரலேகா வெளியே வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, அவள் தாண்டியதும் தொடங்கினார்கள். "டீச்சர் மவளுக்கு முன்வரிசை" என்று ஒருத்தி காதில் விழும்படியே சொன்னாள். மறுநாளே சித்ரலேகா மகளை எழுப்பிக் கடைசி வரிசையில், சுவரோடு உட்கார வைத்தாள். வாசலுக்கு அது பதிலாக இருக்கும் என்று நினைத்தாள்.

"சுவரு சில்லுனு இருக்கும்மா" என்றாள் குழலி, அன்று வீட்டில். "சாஞ்சா உள்ள யாரோ மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு."

"சாயாத. நேரா உக்காரு."

தவறு அதற்கடுத்த வகுப்பில் நடந்தது. பிள்ளைகள் நிறுத்தியதும் அந்தக் குரல் வழக்கம்போலப் பின்னால் வந்தது. அதன் காந்தார சுரம் இறங்கியிருந்தது. அபசுரம் கேட்டால் அவள் வாய் தானாகத் திறந்துவிடும், வருஷக்கணக்கான பழக்கம்.

"காந்தாரம் இறங்குது. கொஞ்சம் ஏத்து."

பிறகு சுவரிலிருந்து காந்தாரம் மட்டும் வந்தது. மெல்ல ஏறியது. சரியான இடத்தில் நின்றது.

அதைத் தன் மாணவராக ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதே புரிந்தது. அதைவிடக் கூச்சமாக, உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

அதன் பிறகு குரல் பிந்தி வரவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து எழுந்து, சேர்ந்து நின்றது. அது எங்கே இருக்கிறது என்று பிரித்தெடுக்க முடியாமல், கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலை வலித்தது.

ஒரு காலையில் ஞானசௌந்தரி அவளை வாசலிலேயே மறித்தாள். கடைசி வரிசையில் குழலிக்குப் பக்கத்தில் உட்காரும் எபியின் தாய்.

"எம்பையன் நேத்துலருந்து பேச மாட்டேங்கான். வாயைத் தொறக்கான், காத்துதான் வருது. டாக்டரு தொண்டை நல்லாத்தான் இருக்குங்காரு. என்னத்தைப் பாடச் சொன்னீய எம்பிள்ளைய?"

"ஓய்வு குடுங்க. சரியாயிரும்."

"உங்க மவ மட்டும் கிளி கணக்கா பேசிக்கிட்டுத் திரியுதா."

சுற்றி நின்ற பெண்கள் யாரும் விலகி வழி விடவில்லை. அவள் சுவரோரமாக ஒடுங்கி உள்ளே போனாள்.

எபி ரிஷப சுரத்தை எப்போதும் மூக்கால் பாடுவான். எத்தனை சொல்லியும் திருந்தவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில், பூட்டியிருந்த கூடத்தைத் தாண்டும்போது, உள்ளே அந்த மூக்கு ரிஷபம் கேட்டது. காலையிலேயே தாயோடு வீட்டுக்குப் போய்விட்ட பையனின் குரல். ரிஷபத்துக்கு அடுத்து வந்த காந்தாரம் அவள் திருத்திக் கொடுத்தது.

மாலை வகுப்பை நடராஜிடம் விட்டுவிட்டு அவள் தலைமையாசிரியை பாகீரதியின் அறைக்குப் போனாள்.

"குழலிக்கு டீசி குடுங்க மேடம். இன்னைக்கே."

"வரப்போற பாட்டுப் போட்டியில நம்ம ஸ்கூலுக்கு முதல் பாட்டே அவதான். இப்போ போனா வெளியில எல்லாரும் என்ன சொல்லுவா, யோசிச்சேளா?"

"சொன்னாச் சொல்லட்டும்."

பாகீரதி பதில் சொல்லுமுன் மின்சாரம் போனது. மழை ஓட்டின்மேல் மொத்தமாக இறங்கியது. முற்றத்தில் பிள்ளைகள் ஓடும் சத்தம். சித்ரலேகா வெளியே வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழலி இல்லை.

நடராஜ் குடையோடு பள்ளி வாசலில் நின்றார். "கரண்டு போனதும் எல்லாரையும் அனுப்பிட்டேன். உங்க மவ எந்திரிக்க மாட்டேங்கா. இன்னும் பாடிக்கிட்டு இருக்கா. கேக்குல்லா?"

கேட்டது. குழலியின் குரல்தான். மழையைக் கிழித்துக்கொண்டு, அவள் இதுவரை பாடாத சுத்தத்தில்.

சித்ரலேகா ஓடினாள். கூடத்துக்குள் கிட்டத்தட்ட இருட்டு. சேற்று வாடை. கடைசி வரிசையில் மகள் நின்றிருந்தாள், கன்னத்தைச் சுவரில் பதித்துக்கொண்டு.

பாட்டு போய்க்கொண்டிருந்தது.

குழலியின் வாய் மூடியிருந்தது.

கையைப் பிடித்து இழுத்தாள். கை ஈரம். சுவரை விட்டுக் கன்னம் பிரிந்தபோது பாட்டு பாதி வரியில் நின்றது. வெளியே தள்ளினாள். கதவைச் சாத்தினாள். பூட்டினாள். முற்றத்தைத் தாண்டி வாசல்வரை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"ஏட்டி, ஏதாவது சொல்லு. அம்மான்னு சொல்லு."

குழலியின் உதடுகள் அசைந்தன. காற்றுதான் வந்தது.

"அம்மா" என்றது பூட்டிய கூடம். "வாரேன்மா."

அந்த ஊரில் கிளம்புகிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள். வருகிறவர்களும் அதைத்தான்.

நடராஜின் குடை சரிந்தது.

"வாரேன்மா."

இம்முறை தாழ்வாரத்திலிருந்து. கதவு சாத்தியபடியே இருந்தது. பூட்டு தொங்கியது.

"வாரேன்மா."

முற்றத்து மழைக்குள்ளிருந்து.

சித்ரலேகா மகளின் கையை இறுக்கி இழுத்தாள். குழலி நகரவில்லை. குரல் வந்த திசைக்குத் திரும்பி, உள்ளே வருகிறதற்கு வழி விடுவதுபோலத் தலையை அண்ணாந்து, வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.