யாரையும் விட்டுவிட்டு வராதவர்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், மாற்றுத்துணிப் பையோடு அவள் ராணுவ மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தாள். கணவன் சிப்பாய். எல்லையில் கண்ணிவெடி வெடித்ததில் தொடையில் காயம். இனி கவலையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் அவன் இருப்புக்கொள்ளாமல் புரண்டுகொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்கள் இரண்டும் காலி. மெத்தைகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"அவங்கல்லாம் வீட்டுக்குப் போயாச்சா?"

"மேஜர் சார் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

அவள் கை பைக்குள்ளேயே நின்றது. மேஜர் அதே வெடியில் செத்துப்போனவர். இறுதி மரியாதையில் அவளும் நின்றிருந்தாள்.

நர்ஸ் அவளை ஓரமாக அழைத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "ரெண்டு பேருக்குமே காயம் ஆறிட்டு வந்துச்சும்மா. திடீர்னு 'இதோ வரேன் சார்'னு எழுந்து உட்கார்ந்தாங்க. அவ்வளவுதான். மூச்சு நின்னுடுச்சு."

திரும்பி வந்தவளிடம் அவன் தானாகவே பேசினான்.

"அவர் மாதிரி ஒருத்தர் கிடைக்க மாட்டார். ஆபத்தான வழின்னா முதல் அடி அவரோடதுதான். நாங்க சாப்பிட்டப்புறம்தான் தட்டை எடுப்பார். நம்ம பாப்பாவுக்குப் பல் முளைச்சுதான்னுகூடக் கேட்டார். யாரையும் விட்டுட்டு வரமாட்டேன்னு சொல்வார். விட்டதே இல்ல."

ஜன்னல்கள் சாத்தியிருந்தும் ஈரமண்ணும் வெடிமருந்தும் கலந்த வாடை வந்தது.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம்.

அவசரமில்லாத நடை.

கட்டிலருகே வந்து நின்றது. அங்கே யாருமில்லை.

கணவன் முகம் மலர்ந்தது. அடிபட்ட காலைத் தரையில் ஊன்றினான். அவள் அவன் மார்பைப் பிடித்து அழுத்தினாள். அவன் உடம்பு சில்லிட்டுக்கொண்டு வந்தது.  அவள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பேசினாள்.

"ஐயா, இவங்க உயிரோட திரும்பணும்னுதானே நீங்க முன்னால நடந்தீங்க? நீங்களே கூப்பிட்டா இவர் எப்படி மாட்டேன்னு சொல்வார்? வீட்டுக்குப் போன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் கேட்பார்."

வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும்.

"சரி சார்" என்று முனகி, அவன் தலையணையில் சாய்ந்தான். உடம்பில் மெல்லச் சூடு ஏறியது. அவள் அப்போதுதான் அழுதாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்ஸியின் பின்சீட்டில் அவனைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, அவளும் ஏறிக் கதவைச் சாத்தப் போனாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு" என்றான்.

"ஏங்க, கால் வலிக்குதா?"

"இல்ல. சாரும் வர்றார். நம்ம வீட்டுக்குத்தான்."

 அவள் கதவைச் சாத்தி, அதோடு ஒண்டிக்கொண்டாள்.

இருவருக்கும் நடுவே சீட் மெல்ல அமுங்கியது.