அஜிதாவின் துப்பாக்கியில் இரண்டு திருகாணிகள்

ஞாயிறு காலை எட்டு மணி. பிராங்பேர்ட்டின் புறநகரில் உள்ள துப்பாக்கிச் சுடும் கழகத்தில் அஜிதா தன் அலமாரியைத் திறந்து, பெட்டியின் மூடியைத் தூக்கினாள். இரும்புக் குழல் பத்திரமாக இருந்தது. தோளில் அணைக்கும் மரக்கட்டையைக் காணவில்லை.

பத்து மணிக்கு மாநில அணித் தேர்வு. இளையோர் பிரிவில் அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு.

அந்தக் காற்றுத் துப்பாக்கியின் குழலும் விசையும் கடையில் பொருத்தியபடியே வாங்கியவை. மரக்கட்டையை மட்டும் அண்ணன் தாரகன் தங்கையின் கன்னத்துக்கும் கைக்கும் அளவெடுத்து, குளிர்காலம் முழுக்க இருந்து செதுக்கினான். கழகத்துக்குச் சாமான் விற்கும், அவர்களைப் போலவே யாழ்ப்பாணத்துக்காரரான ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கட்டில்கால் என்று நக்கலடிப்பார். கடைக் கட்டையை வாங்கச் சொல்லி நச்சரித்தவரும் அவர்தான். அலமாரிச் சாவி அஜிதாவைத் தவிர அவரிடமும் தாரகனிடமும்தான் உண்டு. பூட்டு உடையவில்லை. எல்லோர் கண்ணும் ஸ்ரனிஸ்லாஸ் மேல் விழுந்தது.

ப்ரீத்திக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சென்னைக்காரி, அஜிதாவின் தோழி. எதிலும் தன் முடிவையே முதலில் சந்தேகிப்பவள். பெட்டியை மறுபடி பார்த்தாள். கட்டையைப் பிணைத்திருந்த இரண்டு திருகாணிகளும் குழலின் அடியில், தம் துளைகளிலேயே இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் உளுந்தளவு பித்தளை வளையம்.

வளையம் எதற்கு என்று ஸ்ரனிஸ்லாஸிடம் கேட்டாள்.

"கடைச் சாமானுக்கு உது தேவையில்லை, பிள்ளை. நான் கண்டதேயில்லை."

அப்போது தாரகன் தங்கைக்குக் குடிக்கக் கோப்பி கொண்டுவந்தான். அவன் கட்டைவிரல் நகத்தில் பசை காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று ப்ரீத்திக்குத் தோன்றியது.

ஒன்பது மணிக்கு மூவர் முன்னாலும் சொன்னாள்.

"தாரகன், கட்டையை எடுத்தது நீங்கதான்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "நான் செய்ததை நானே களவெடுக்கிறதோ?"

"திருடன்னா காஸ்ட்லியான குழலை எடுத்திருப்பான். கெடுக்க வந்தவன்னா ஸ்க்ரூவைக் கழட்டி வீசிட்டுப் போயிருப்பான். இங்க யாரோ அது தொலையக்கூடாதுன்னு வாஷரோட திருப்பி மாட்டியிருக்காங்க. அந்த வாஷர் நீங்க செஞ்ச கட்டைக்கு மட்டும்தான் வேணும். மறுபடி கட்டையை மாட்டணும்னு நினைக்கிறவங்கதான் அப்படிச் செய்வாங்க. உங்க விரல்ல பசை வேற. கட்டையில வெடிப்பு விட்டிருச்சா?"

தாரகன் தரையைப் பார்த்தான்.

"ஓம். நேற்றுப் பின்னேரம் துடைக்கேக்க கண்டனான். வீட்டை கொண்டுபோய் ஒட்டிப் பாத்தன். ஏலாமப் போச்சு."

ஸ்ரனிஸ்லாஸின் கண்முன்னே அது உடைந்து கிடப்பதைவிட, களவு போனதென்றால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தானாம்.

ஸ்ரனிஸ்லாஸ் கோபப்படவில்லை. அதுதான் கொடுமை.

"கடைக் கட்டை ஒண்டு என்ர காருக்குள்ள கிடக்குது, தம்பி. பிள்ளைக்கெண்டு கொண்டந்தது. நேற்றே சொல்லியிருந்தா, இருந்து பூட்டிச் சரிப்படுத்தியிருக்கலாம்."

இப்போது பொருத்தத்தான் நேரம் இருந்தது. அவள் உடம்புக்குச் சரிப்படுத்த இல்லை. பத்து மணிக்கு அஜிதா அந்நியக் கட்டையில் கன்னம் வைத்துச் சுட்டாள். அணியில் அவள் பெயர் வரவில்லை.

திரும்பி வந்து துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தாள்.

"வெடிச்சதை என்னட்டச் சொல்லவும் வெக்கமோ, அண்ணா?"

மேசையில் பித்தளை வளையங்கள் இரண்டும் கிடந்தன. கடைக் கட்டைக்கு அவை தேவைப்படவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை, தங்கையும் எடுக்கவில்லை. தன் கணிப்பு ஒருமுறையாவது தவறியிருக்கக்கூடாதா என்று ப்ரீத்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.