நடு அடுக்கு

கட்டபெட்டுக்குக் கீழே, சாலை வளைந்து இறங்கும் இடத்தில் பூட்டிக் கிடந்த தேயிலை ஃபேக்டரி மறுபடி திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், சின்னம்மை முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினாள். பச்சை இலைக்கு விலை சரிந்து, எஸ்டேட்டும் கதவைச் சாத்தி, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாத காலம் அது. எந்த வேலை கிடைத்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் எல்லோரும் இருந்தார்கள்.

உள்ளே கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. வறுத்த தேயிலையின் பழைய வாசனை சுவர்களில் இன்னும் இருந்தது. அதன் மேல் புதிதாக ஒரு நாற்றம், அழுகிய பலாச்சுளையை மண்ணெண்ணெயில் பிசைந்தது போல, பிசுபிசுவென்று படிந்திருந்தது.

"பிசின் வாசமுங்க அக்கா. போகப் போகப் பழகிருமுங்க," என்றான் சூப்பர்வைசர் சில்வஸ்டர்.

இலை வாட்டிய மாடியில் இப்போது மஞ்சள் துணியை இதழ் இதழாக வெட்டினார்கள். பிசின் தடவி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சுக்குள் அடுக்கினார்கள். சூடான இயந்திரம் மேலிருந்து இறங்கி நெரித்தது. திறந்தால் ஹெல்மெட். வடக்கே காவல் வேலைக்குப் போகும் பையன்களுக்காம்.

"வெறும் துணி குண்டைத் தடுக்குமா தம்பி?"

"அடுக்கு அடுக்கா இருந்தாத் தடுக்குமுங்க. ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வேகத்தை வாங்கிக்கும். கடைசில குண்டு துணிக்குள்ளயே சிக்கிக்கும்."

பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த தபித்தாள் நிமிராமலே சொன்னாள். "தேயிலை வறுத்த எடத்துல இப்பத் தலைய வறுக்கறாங்கடி. உன் தலைய எட்டவே வெச்சுக்கோ."

சின்னம்மைக்கு அச்சில் அடுக்கும் வேலை. ஒவ்வொரு ஹெல்மெட்டையும் மூடுவதற்கு முன் அதன் குழியைப் புறங்கையால் தொட்டு, "மாரியம்மா, இந்தத் தலை பத்திரம்," என்பாள். யார் பெற்ற பிள்ளையோ. கேட்டு வைப்பதில் என்ன குறைந்துவிடும்?

மழை பிடித்ததும் மஞ்சள் துணிக் கட்டுகள் மெலிந்தன. பதிலுக்கு ஒரு லாரி நிறையச் சாக்கு மூட்டைகள் வந்தன. தபித்தாள் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்துக் கைவிட்டவள், அலறிக்கொண்டு உதறினாள்.

முடி.

பெண்களின் தலைமுடி. சீப்பில் கழிந்தது, ஒடிந்தது, சிக்குப் பிடித்துச் சுருண்டது. ஈரும் பொடுகும் ஒட்டியபடி, ஊரான் வீட்டு எண்ணெயெல்லாம் சேர்ந்து ஊசிப்போன நாற்றத்தோடு, செத்த பூனைகளைத் திணித்து வைத்தது போல அமுங்கிக் கிடந்தது.

"நடு அடுக்குக்குங்க," என்றான் சில்வஸ்டர், யார் முகத்தையும் பார்க்காமல். "மேலயும் கீழயும் மஞ்சத் துணி வெச்சு மூடிருங்க. மொதலாளி சொல்லிட்டாரு."

"இது குண்டைத் தடுக்குமா தம்பி?"

"அதெல்லாம் உங்களுக்கெதுக்குங்க?"

தபித்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "இன்னும் புரியலையா? கூடைக்கு அடியில முத்தல் எலைய அமுக்கிட்டு, மேல கொழுந்தைப் பரப்பிக் காட்டுவாங்களே. அதே வேலைதான்."

எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த வேலை அது. சந்தேகம் வந்தால் நிறுக்கிறவர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார். ஆனால் அங்கே கெட்டுப்போவது ஒரு குவளைத் தேநீர். இங்கே ஒரு தலை.

சொல்லலாம். சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் மகள் விஜயா, போன குளிரில் காய்ச்சலில் செத்துப் பிழைத்தவள். இந்தக் கூலி வந்த பிறகுதான் அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. சின்னம்மை வாயை மூடிக்கொண்டு முடியை அடுக்கினாள்.

அன்றிலிருந்து வேண்டுதல் அவள் வாயில் வரவில்லை. இயந்திரம் இறங்கும்போதெல்லாம் சுடுகாட்டு வாடை எழுந்து மாடியை நிறைத்தது. நகக்கண்ணில் முடி. சோற்றுப் பிடியில் முடி. தொண்டையில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று விரலை விட்டு இழுத்தால், கோழையோடு ஒரு முடி.

கையில் முடி நெருடும்போதெல்லாம் லயத்தில் அடுத்த அறையில், பக்கத்துக் காம்பராவில், குடியிருந்த மருதாயி நினைவுக்கு வந்தாள். இலங்கையிலிருந்து ஒரே கப்பலில் வந்து, தேயிலைச் செடிகளின் ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள். விஜயா காய்ச்சலில் கிடந்தபோது, லயத்துக்கு வந்த சவுரிமுடிக்காரனிடம் தலைமுடியை மழித்து விற்றுவிட்டு, பாலும் ரொட்டியுமாக வந்து நின்றவள். "முடி வளரும்டி. புள்ள போனா வருமா?" என்று மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தவள்.

அந்தக் குளிர் அவள் தலையில் இறங்கிவிட்டது. சாகும்போது சின்னம்மையின் கையை எடுத்துத் தன் உச்சியில் வைத்துக்கொண்டாள்.

"வளர்ந்துருச்சா பாருடி."

வளர்ந்திருக்கவில்லை. "வளர்ந்துருச்சு," என்றாள் சின்னம்மை.

ஒரு மதியம் மூடுபனி ஜன்னல் வழியாக மாடிக்குள்ளேயே வந்துவிட்டது. எதிரில் இருந்த தபித்தாள்கூட நிழலாகத்தான் தெரிந்தாள். சின்னம்மை ஆறிய ஹெல்மெட்டுகளின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரித்தாள்.

அடுத்ததை எடுக்கும்போது முந்தினதன் மேல் கண் போனது.

முடி மறுபடி நீட்டிக்கொண்டிருந்தது.

இழுத்தாள். பிசின் கல்லாய் இறுகிய பிறகு எதுவும் வரக் கூடாது. வந்தது. வெதுவெதுப்பாக, வழவழவென்று, புண்ணுக்குள்ளிருந்து நூலை உருவுவது போல வந்துகொண்டே இருந்தது. நுனியில் வெள்ளையாக ஒரு வேர்.

வேர் ஈரமாக இருந்தது.

கையை உதறினாள். முடி விரலைச் சுற்றிக்கொண்டது. அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வேப்பெண்ணெயும் தைலமும். பேனுக்கும் குளிருக்கும் ஒரே மருந்து என்று அப்படிக் கலந்து தேய்த்தவள் லயத்தில் ஒருத்திதான்.

ஹெல்மெட்டைத் திருப்பினாள். குழி முழுக்க முளைத்திருந்தது. உச்சியில் மட்டும் ஒரு பட்டையாக, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு வருஷக்கணக்கில் தேய்க்கும் இடத்தில், ஒடிந்து குட்டையாக.

குழிக்குள்ளிருந்து மூச்சாக ஒரு குரல்.

"வளர்ந்துருச்சா பாருடி."

ஹெல்மெட் தரையில் உருண்ட சத்தத்தில் சில்வஸ்டர் ஓடிவந்தான்.

"ஏனுங்க அக்கா? எலியா?"

"தம்பி, அதைத் தொடாதே. உள்ள மருதாயி இருக்கா."

"நாளைக்கு வாங்கற ஆளு பாக்க வர்றாரு. இப்பப் போயி பேய்க்கதையா? இந்தாங்க, நானே மாட்டிக்கறேன். பாருங்க."

மாட்டினான். சிரித்தான். கழற்றப் போனான்.

கழலவில்லை.

"அக்கா, உள்ள என்னமோ ஊருதுங்க."

காதோரமாக முடி இறங்கியது. அவனுடைய முடியோடு சேர்ந்து பின்னிக்கொண்டே இறங்கி, கன்னத்தைக் கடந்து, உதட்டுக்குள் நுழைந்தது. அவன் ஓங்கரித்தான். எச்சிலோடு ஒரு ஈர உருண்டை வெளியே விழுந்தது. "ஏசப்பா!" என்று தபித்தாள் கத்தரியோடு பாய்ந்தாள். வெட்டிய நுனியிலெல்லாம் சீழ் போல மஞ்சளாகப் பிசின் கசிந்தது. வெட்ட வெட்ட இன்னும் தடித்து வந்தது.

"வெட்டாதே," என்றாள் சின்னம்மை.

அருவருப்பில் உடம்பு கூசியது. இருந்தும் மண்டியிட்டு, கொண்டையில் செருகியிருந்த சீப்பை எடுத்தாள். அந்த முடியைக் கையில் ஏந்தி, நுனியிலிருந்து மெல்ல, பிள்ளைக்கு வாருவது போலச் சிக்கெடுத்தாள்.

"மருதாயி, விடுடி. இவனும் ஒருத்தி பெத்த புள்ளதான். நாளைக்கு வர்றவருகிட்ட நான் சொல்லிர்றேன். விஜயா மேல ஆணை."

சீப்பு ஒருமுறை தடையில்லாமல் இறங்கியது. ஹெல்மெட் தானாகக் கழன்று அவள் மடியில் விழுந்தது. சில்வஸ்டரின் உச்சந்தலையில் தோல் உரிந்து ரத்தம் துளிர்த்திருந்தது. தன் முந்தானையைக் கிழித்து அவன் தலையில் கட்டிவிட்டாள்.

மறுநாள் வாங்க வந்தவர் முன்னால் முற்றத்தில் ஒரு ஹெல்மெட்டை வைத்துச் சுட்டுக் காட்டினார்கள். குண்டு துணிக்குள் சிக்கி நின்றது. முதலாளி கைதட்டினார். அது முழுக்க மஞ்சள் துணி.

சின்னம்மை இன்னொன்றோடு வந்து நின்றாள். "இதையும் சுடுங்க ஐயா."

"ஏய், யாரு நீ? உள்ள போ."

"சுடுங்க சார்," என்றது இன்னொரு குரல். தலைக்கட்டோடு சில்வஸ்டர். "மேல கொழுந்துதானுங்க இருக்கும். கூடையைக் கவுத்துப் பாக்கோணும்."

சுட்டார்கள். குண்டு துளைத்து மறுபக்கம் போனது. ஓட்டையிலிருந்து புகை வரவில்லை. ஈரமாகக் கறுப்பாக முடி வழிந்தது. குடல் சரிவது போல வழிந்துகொண்டே இருந்தது. வாங்க வந்தவர் சுவரோரம் போய் வாந்தியெடுத்தார்.

லாரி காலியாகத் திரும்பியது. ஃபேக்டரி மறுபடி பூட்டிக்கொண்டது.

"நல்லா வேலையக் காப்பாத்திக் குடுத்தடி. இனிப் புல்லைத் திம்போம், போ," என்று லயமே கேட்கத் திட்டினாள் தபித்தாள். மறுநாள் காலை சின்னம்மையின் வாசற்படியில் ஒரு முறம் கிழங்கு இருந்தது. முறம் தபித்தாளுடையது.

வழிந்த முடியை அள்ளிவந்து, மருதாயி பறித்த நிரையில் ஒரு செடிக்கடியில் புதைத்தாள் சின்னம்மை. விளக்கேற்றிக் கும்பிட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மழை விட்டு வெயிலடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போக விஜயாவை வாசலில் உட்காரவைத்துத் தலைவாரினாள். காய்ச்சலில் கொட்டிய முடி அடர்த்தியாக வளர்ந்திருந்தது. பெற்ற மனம் குளிர்ந்தது. வகிடு எடுக்கச் சீப்பை உச்சிக்குக் கொண்டுபோனாள்.

வேப்பெண்ணெயும் தைலமும்.

உச்சியில் ஒரு பட்டையாக முடி ஒடிந்து குட்டையாக இருந்தது. விஜயா பிறந்ததிலிருந்து ஒருநாளும் கூடை சுமந்ததில்லை.

விஜயா திரும்பிப் பார்க்கவில்லை.

"மெல்ல வாருடி சின்னம்மை," என்றாள். "இப்ப வளர்ந்துருச்சுல்ல?"

சின்னம்மையின் கை நின்றது. பிறகு, வலிக்காமல், நுனியிலிருந்து மறுபடி வாரத் தொடங்கினாள்.