பத்தொன்பதாம் குழிக் காசு

தராசு பொய் சொல்லாது என்று நாற்பது வருஷம் நம்பியிருந்தவர் அவர். ஒரு சனிக்கிழமை காலையில் அது முதன்முதலாகப் பொய் சொன்னது.

சின்னப் பொய்தான். காசுப் பெட்டியின் பத்தொன்பதாம் குழியிலிருந்த காசின் அட்டையில் 2.81 கிராம் என்று அவர் கையாலேயே எழுதியிருந்தது. தராசு 3.04 என்றது. காசை எடுத்தார், தட்டை மான்தோலால் துடைத்தார், மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி வைத்தார். 3.04. மற்ற முப்பது காசுகளும் அட்டையில் எழுதியது எழுதியபடியே இருந்தன.

வெள்ளி தேயும். ஈராயிரம் வருஷம் கைமாறிக் கைமாறித் தேய்ந்துதானே இந்த ரோமானியக் காசு அவரிடம் வந்து சேர்ந்தது? தேய்ந்தது எங்கேயாவது வளருமா? வளராது. ஆக, யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கைக்கடிகாரங்களைப் பழுதுபார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தவை அந்த முப்பத்தொன்றும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவிக்கு அடுத்தபடி அவருக்கு இருந்ததெல்லாம் அவைதான். எடுத்தால் விளிம்பைத்தான் பிடிப்பார். முகத்தில் விரல் படவிட மாட்டார். காசு சேர்ப்பவர்களுக்கு அதுதான் முதல் பாடம். பத்தொன்பதுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. யாருடைய தலை என்றே தெரியாமல் மழுங்கிப்போன அதை, நல்ல காசுகளோடு காசாக அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். முகமே இல்லாததற்கு என்ன மரியாதை என்று, சாயங்காலம் பேப்பர் படிக்கும்போது அதைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டே இருப்பார். பழக்கம். இதமாகவும் இருக்கும்.

இப்போது லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். மழுங்கல் நடுவே ஒரு நெற்றி மேடு. அதன் கீழே மூக்கின் நுனி. வருடிய விரலுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

"என்னங்க," என்று சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "இந்த போனைக் கொஞ்சம் பாருங்களேன். மூஞ்சியைக் காட்டினா திறக்க மாட்டேங்குது. யாருடி நீன்னு கேக்குது."

"முப்பது வருஷமா நானே அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"ஆமா, ரொம்பத்தான். கண்ணாடியிலயும் ரசம் போயிடுச்சு, ஒண்ணும் சரியா தெரியல. வேற வாங்கணும்."

அவர் காதில் அது விழவில்லை. மாடியில் நடக்கும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான். அவளுடைய தம்பி. வீட்டில் மராமத்து நடக்கிறது, ஒரு மாசம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். அவன் தொழில் வெள்ளி முலாம் பூசுவது.

அன்றிலிருந்து அவருடைய காதும் மூக்கும் ஒற்றர்களாகிவிட்டன. படிக்கட்டில் நான்காம் படியின் முனகல், மேசை இழுப்பறை கிறீச்சிடுகிறதா என்று மதியத் தூக்கத்திலும் விழித்திருக்கும் செவி, மச்சான் தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது அவன் விரல்களிலிருந்து எழும் அமில வாடை, அக்காவும் தம்பியும் சமையலறையில் தாழ்ந்த குரலில் பேசி அவர் வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொள்வது, எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே பெயரைச் சொல்லின. சாட்சிக்காக, தினமும் காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவத்தை எடுத்துத் தேதி போட்டார். காசைக் குழியில் வைக்கப் பயந்து உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டார். பகலெல்லாம். தூங்கும்போதும். கட்டைவிரல் தன் பாட்டுக்கு வருடிக்கொண்டிருந்தது.

3.19. 3.33. 3.52.

எட்டாம் நாள் மதியம், சாப்பாட்டு மேசையில் அவர் கேட்டேவிட்டார். "நான் தூங்கும்போது என் கையிலேர்ந்து எடுத்து மாத்துறது நீதானே?"

மச்சானின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. "மாமா, உங்க மொட்டைக் காசை மாத்தி நான் என்ன அரண்மனையா கட்டப் போறேன்?"

"முலாம் பூசுறவனுக்கு மூஞ்சி பூச எத்தனை நேரமாகும்? கிளம்பு என் வீட்டை விட்டு."

"என்ன பேச்சுங்க இது?" மனைவியின் குரல் துணிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாக வந்தது. அவளுடைய மூக்குக்கண்ணாடி வழுக்கித் தட்டில் விழுந்தது. அன்றைக்கு மூன்றாவது தடவை. "அவன் போனா நானும் போயிடுவேன், சொல்லிட்டேன்."

"போ. கூட்டுக் களவாணிங்கதானே ரெண்டு பேரும்."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மச்சான் பையோடு வாசலில் நின்றான்.

"மாமா, காசு விளிம்புல ஒரு பழைய வெட்டு இருக்கும், நீங்களே காட்டியிருக்கீங்க. அதுக்குள்ள படிஞ்ச கறுப்பை எந்தக் கொம்பனாலயும் செய்ய முடியாது. அதைப் பார்த்துட்டு என்னைத் திருடன்னு சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "அது கிடக்கட்டும். அக்காவை நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மூஞ்சி என்னமோ மாதிரி... நீங்க பார்க்கறதே இல்லையா?"

பேச்சை மாற்றுகிறான் என்று கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் உறைத்தது. இந்த எட்டு நாளும் அவர் பார்த்ததெல்லாம் அவளுடைய கைகளைத்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே அறை இருட்டிக்கொண்டு வர, மேசை மேலிருந்த குழல்விளக்கைப் போட்டார். அது ரீங்கரித்தது. ஈரமண் வாசனையும் கடிகார எண்ணெயின் வாசனையும் கலந்து நின்றன. உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. காசை விளிம்பில் நிறுத்தி லென்ஸை வைத்தார்.

வெட்டு இருந்தது. அதே சாய்வு. அதே கறுப்பு.

அதே காசு.

யாரும் மாற்றவில்லை.

காசைக் கைக்குள் மூடிக்கொண்டு, பென்சிலால் எடுத்த தாள்களை வரிசையாகப் பரப்பினார். முதல் நாள், நெற்றி. மூன்றாம் நாள், மூக்கும் கன்னமும். ஐந்தாம் நாள் உதடு. ஆண் தலை இல்லை. ஆறாம் நாள், காதோரம் சுருண்ட மயிர். ஏழாம் நாள், தாடைக்குக் கீழே ஒரு புள்ளி. பென்சில் அழுக்கென்று நினைத்திருந்தார்.

மச்சம்.

அந்த மச்சத்தை அவருக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும்.

உள்ளே குழாய் நின்றது.

காலடி. ஈரக் காலடி. மெதுவாக.

"என்னங்க."

நிமிர்ந்தார். வாசற்படியில் அவளுடைய ஈரக் கைகள். அவளுடைய தோள். காதோரம் அவளுடைய நரை. நடுவில் வழவழப்பு. மேடில்லை, பள்ளமில்லை. கைமாறிக் கைமாறித் தேய்ந்தது போல.

கைகள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அந்த வழவழப்பின் மேல் வைத்தன. வழுக்கி விழுந்தது. குனிந்து தடவி எடுத்தன. மறுபடி வைத்தன. விழுந்தது.

"லைட்டைப் போடுங்களேன். ஒரே இருட்டா இருக்கு."

குரல் வாசற்படியிலிருந்து வரவில்லை. அவருடைய மூடிய கைக்குள்ளிருந்து வந்தது. கட்டைவிரலுக்கு அடியில் வெதுவெதுப்பான இரண்டு உதடுகள் அசைந்தன.

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கட்டைவிரலும் வருடிக்கொண்டுதான் இருந்தது.