அத்தையின் பல்செட்

பல்லை மறந்துவிட்டோமே.

அத்தையின் வீட்டைத் திறந்து உள்ளே வந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். கூடத்து மூலையில், வாஷ்பேசினுக்கு மேலே, ஒரு கண்ணாடி டம்ளருக்குள் அத்தையின் பல்செட் கிடந்தது. அடக்கத்தன்று எல்லாமே அவசரத்தில் நடந்தது. உள்வாங்கிப் போயிருந்த வாயைத் துணியால் கட்டியதோடு சரி. பல் எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பொக்கை வாயோடு பால்காரன் முன்னால்கூட நிற்காத மனுஷி. அன்று பூட்டிய வீட்டை இன்றுதான் திறக்கிறார்கள். டம்ளரில் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். ஆனால் விளிம்புவரை தளும்பி நின்றது.

அண்ணனும் வக்கீலும் அவள் பின்னாலேயே உள்ளே வந்தார்கள்.

கரண்ட் போன ஃப்ரிட்ஜிலிருந்து கிளம்பிய வீச்சம் கூடத்தை அடைத்திருந்தது. அதன் கதவு இடுக்கில் பழுப்பாக ஏதோ கசிந்து, தரையில் பரவி, மேலே தோல் கட்டி, அதை மிதித்துவிட்ட அண்ணனின் செருப்பில் ஒட்டிக்கொண்டு அவன் நடந்த இடமெல்லாம் பிசுக் பிசுக்கென்று கூடவே வந்தது. வக்கீல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி சோபாவை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"உயில் ஒண்ணு எழுதி வெச்சிருந்தா இவ்வளவு பாடு இல்லீங்க."

"எழுதினா செத்துருவோம்னு பயம் எங்க அத்தைக்கு," என்றான் அண்ணன். "எழுதாம இருந்து மட்டும் என்னத்தக் கண்டாங்க."

வக்கீல் சிரித்தார்.

"கணவர் இல்ல, பிள்ளைங்க இல்ல. அதனால அண்ணன் பிள்ளைங்க நீங்கதான் வாரிசு. யார் யாருன்னு கோர்ட்டுக்குச் சொல்லணும். நீங்க ரெண்டே பேர்னு சார் சொல்லிட்டார். நீங்களும் உங்க வாயால அதைச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டா வீடு உங்க பேருக்கு வந்துரும்மா."

"அண்ணா, சின்னவ இருக்காளே," என்றாள் அவள்.

"எங்க இருக்கா? எவன் கூடவோ போனவ. நம்மளப் பொறுத்தவரைக்கும் அவ செத்து எத்தனையோ வருஷமாச்சு." குரலைத் தாழ்த்தினான். "ரொம்பத்தான் நல்லவளாட்டம் பேசாத. பாதியில நிக்கற உன் வீட்டுக்கு யாருடி கூரை போடுவா?"

தங்கை எங்கே இருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். வாடகை வீட்டில் இருக்கிறாள். அத்தைதான் அவளிடம் கடைசிவரை போனில் பேசிக்கொண்டிருந்தாள். தெரிந்தும், கூரை என்றதும் மனசு ஒரு நிமிஷம் அந்தப் பக்கமே சாய்ந்தது. இந்தத் தரையில் வழிந்து கிடப்பதற்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே, இரண்டே பேர் என்று சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்தாள்.

டக்.

மூலையிலிருந்து வந்த சத்தம். அத்தையின் பல்செட் எப்போதும் தளர்வு; ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் அப்படித்தான் ஒரு டக். அண்ணனும் வக்கீலும் திரும்பவில்லை.

வாய் கொப்பளித்துவிட்டு வருவதாகச் சொல்லி வாஷ்பேசினுக்குப் போனாள். டம்ளரில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. பிளந்து கிடந்த பல்வரிசைகள் இப்போது இறுக மூடியிருந்தன. இடுக்கில் ஒரு பழுப்புத் துணுக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த அதே பழுப்பு. குழாயைத் திறந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் வந்தது, பிறர் வாயில் இருந்துவிட்டு வந்ததுபோல. கொப்பளித்தாள். துப்பினாள். எவ்வளவு துப்பியும் வாயில் ஏதோ மிச்சமிருந்தது.

திரும்பி வந்து நின்றாள். அண்ணன் பேனாவை நீட்டினான்.

"ம், சொல்லு. வேற யாரும் இல்லைன்னு."

பொய் சொல்லப் போகும்போதெல்லாம் அவள் நாக்கு முன்பல்லின் உடைந்த ஓரத்தைத் தேடிப் போகும். சின்ன வயதில் அண்ணன் தள்ளிவிட்டு உடைந்த பல் அது.

நாக்கு போனது.

ஓரம் இல்லை.

வழவழப்பு. ஒரே சீராக. மேலண்ணத்தில் ஒரு தகடு. தகட்டுக்கு அடியில் சில்லிட்ட, புளித்த ஏதோ. நாக்கு பட்டதும் நசுங்கியது. துப்ப முடியவில்லை. விழுங்கினாள்.

மூலையைப் பார்த்தாள்.

டம்ளர் சிவந்திருந்தது. அடியில் பற்கள். ஈறோடு. முன்பல் ஒன்றின் ஓரம் உடைந்திருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் வக்கீல், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"மாட்டேன்," என்றாள் மெதுவாக. "நாங்க மூணு பேர்."

சொல்லி முடித்ததும் அவள் வாய்க்குள் டக்கென்றது.